தொழிலாளியின் உடலும் குடும்பத்தின் நலமும்: செபராங் பிறைத் தோட்டங்களின் மருத்துவ வரலாறு

செபராங் பிறையின் தமிழ்ப்பள்ளிப் பட்டியலைப் படித்தாலே அந்த நிலத்தின் பழைய வரைபடம் கண்முன் விரியும். பத்து காவான், பைராம், டிரான்ஸ்கிரியான், அல்மா, மலாக்கோப், மேபீல்ட், வால்டோர், சங்காட், ஜூரு என்று பள்ளிகள் தாங்கி நிற்பவை பெரும்பாலும் தோட்டப் பெயர்கள். அவற்றுள் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. பட்டர்வொர்த்தின் மாக் மண்டின் தமிழ்ப்பள்ளி அந்த வரிசையில் சற்றுத் தள்ளி நிற்கிறது. அது தோட்டத்துப் பள்ளி அன்று. துறைமுகத்தையும் இரயில்வேயையும் பின்னாளில் தொழிற்சாலைகளையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களின் வட்டாரத்தில் இருப்பது. லயம் எனப்பட்ட தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து தொழிற்பேட்டைக் குடியிருப்புக்குப் பல தலைமுறைகளாக நடந்த இந்தப் பெயர்ச்சியில் ஒரு குடும்பத்தின் உடல்நலத்துக்கு யார் பொறுப்பேற்றார்கள், யாருக்காகப் பொறுப்பேற்றார்கள் என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

தோட்ட முதலாளிகளும் காலனிய அரசும் நல ஏற்பாடு எதையும் செய்யவில்லை என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. மருத்துவமனை கட்டினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், மலேரியாவுக்குக் கொயினா கொடுத்தார்கள், சட்டமும் இயற்றினார்கள். ஆனால் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அவர்களுடைய கணக்கில் இருந்தது காலையில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு வந்து நிற்கும் உடல் மட்டுமே. பிள்ளை சுமப்பவளும் கைக்குழந்தையும் வேலை ஓய்ந்த முதியவரும் அந்தக் கணக்குக்குள் மெதுவாக வந்தார்கள். அவர்களை உள்ளே கொண்டுவந்தவை பெரும்பாலும் தோட்டத்துக்கு வெளியே எழுந்த சட்டமும் போராட்டமும் பொதுச் சுகாதாரத் துறையும்தான்.

கரும்புக் காலம்

1800-இல் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற நிலப்பகுதிதான் வெல்லெஸ்லி மாநிலம் எனப்பட்ட இன்றைய செபராங் பிறை. பத்து காவான் பகுதியில் சீனர்கள் முதலில் கரும்பு பயிரிட்டார்கள். 1840-களில் ஐரோப்பியர் பெருந்தோட்டங்களைத் தொடங்கியதும் நாகப்பட்டினத்திலிருந்து ஆள் வந்தது. தஞ்சை, திருச்சி, சேலம் பகுதிகளின் ஏழை உழவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஒப்பந்தக் கூலிகளாகப் பினாங்கில் இறங்கினார்கள். கப்பலில் அம்மையோ காலராவோ தென்பட்டால் அனைவரையும் ஜெரஜாக் தீவில் இறக்கிவிடுவார்கள். 1870-களிலிருந்து அங்கே தொற்றுத்தடுப்பு நிலையம் இயங்கியது. மலாயா மண்ணில் பல தமிழர்களுக்குக் கிடைத்த முதல் மருத்துவ அனுபவம் அதுதான். அது ஊரைக் காப்பதற்காக ஏற்பட்ட நிலையம். வந்தவர்களைப் பேணுவது அதன் முதல் நோக்கமாக இருக்கவில்லை.

கரும்புத் தோட்டங்கள் பெரும்பாலும் கடலோரத் தாழ்நிலத்தில் அமைந்தவை. சதுப்பைத் திருத்தி, வரப்பு கட்டி, வாய்க்கால் வெட்டும் வேலை ஆளைத் தின்றது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் ஆறாத கால்புண்ணும் அன்றாடக் கதை. 1873-இல் மலாக்கோப் தோட்டத்து ஆள்களின் நிலை அரசு விசாரணை வரை போனது. அடித்தார்கள், நோயில் கவனிக்காமல் விட்டார்கள் என்பவை அங்கே எழுந்த குற்றச்சாட்டுகள். 1876-இல் இப்பகுதியை ஆண்ட நீரிணைக் குடியேற்ற அரசு இந்தியக் குடியேறிகளுக்கான பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒப்பந்தம், கூலி, மருத்துவம், மேற்பார்வை ஆகியவற்றுக்கு எழுத்தில் ஒரு விதி பிறந்தது. வைத்த செலவு வீணாகாமல் கூலி உயிரோடிருக்க வேண்டும் என்ற கணக்கும் இந்தியாவிலிருந்து ஆள் வரத்து நின்றுவிடக் கூடாது என்ற கவலையும் அந்த விதிக்குப் பின்னால் இருந்தன.

இந்தக் காலத்தில் குடும்பம் என்ற அமைப்பே தோட்டத்தில் அரிது. வந்தவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்கூட மலாயா இந்தியரிடையே 1,000 ஆண்களுக்கு ஏறத்தாழ 400 பெண்களே இருந்தார்கள். குழந்தைகளின் நலத்தைப் பற்றி அக்கால அறிக்கைகள் மௌனமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். இருந்த பெண்களின் பேறுகாலம் பதிவுக்குரிய செய்தியாகக் கருதப்படவில்லை என்பது மற்றொரு காரணம். இரண்டாவதுதான் வலுவானது என்று எனக்குத் தோன்றுகிறது. பெண்களின் எண்ணிக்கை உயர்ந்த பிறகும் அந்த மௌனம் எளிதில் கலையவில்லை.

புழுங்கலரிசி

தோட்ட மருத்துவ வரலாற்றில் தமிழர் சமையலறைக்குரிய இடத்தைத் தமிழில் எழுதியவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. அதனால் இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களையும் சிறைகளையும் மனநல விடுதிகளையும் பெரிபெரி நோய் வாட்டியது. கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து ஆள்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். அதே நாட்டில், அதே வெப்பத்தில், அவர்களினும் குறைந்த கூலியில் வாழ்ந்த தமிழர்களிடையே அந்த நோய் மிக அரிதாக இருந்தது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இந்த வேறுபாட்டைத் தொடர்ந்து கவனித்தார். சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. நோயின் வேர் அரிசியில் இருக்கிறது என்று 1907-இல் வெளியான தம் நூலில் அவர் வாதிட்டார். அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்ற அவருடைய விளக்கம் பின்னர் தவறென்று தெரிந்தது. ஆனால் கவனிப்பு சரியாகவே இருந்தது.

அதைச் சோதித்தவர் மருத்துவர் வில்லியம் பிளெட்சர். 1905, 1906-ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநல விடுதியிலிருந்தவர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றொன்றுக்கு இந்தியப் புழுங்கலரிசியும் கொடுத்துவந்தார். பச்சரிசிப் பிரிவில் பெரிபெரி பரவிப் பலர் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவு ஏறத்தாழத் தப்பியது. சம்மதம் சொல்லவோ மறுக்கவோ இயலாத மனிதர்களை வைத்து நடந்த சோதனை இது என்பதைச் சொல்லாமல் இதன் முடிவை மட்டும் பாராட்டுவது நேர்மையாகாது. அடுத்து மருத்துவ ஆய்வாளர்களான பிரேசரும் ஸ்டாண்டனும் சாலை வேலைக்கு வந்த ஜாவானியத் தொழிலாளரிடையே ஆய்வு நடத்தி, தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு பொருள்தான் காப்பது என்று நிறுவினார்கள். 1926-இல் ஜாவாவில் பிரித்தெடுக்கப்பட்ட அந்தப் பொருளைத்தான் இன்று தயமின் என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அதில் பெரும்பகுதி தங்கிவிடும்.

கப்பலேறி வந்த தமிழர்கள் தங்கள் உணவுப் பழக்கத்தை விடாமல் பிடித்திருந்தது நூற்றுக்கணக்கான உயிர்களைக் காத்திருக்கிறது. தோட்ட நிர்வாகங்கள் புழுங்கலரிசியை வரவழைத்ததற்குக் காரணம் சத்து பற்றிய அறிவு அன்று. வேறு அரிசியைத் தொழிலாளர்கள் ஏற்க மறுத்ததுதான். ஆனாலும் அரிசியும் உப்பும் கருவாடும் மிளகாயும் மட்டும் கொண்டு ஓர் உடல் எவ்வளவு தூரம் ஓடும்? பெரிபெரியிலிருந்து தப்பியவர்களைக் கொக்கிப்புழுவும் இரத்தச்சோகையும் பிடித்தன. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவர்களும் கழிப்பறை இல்லாமல் புதரோரம் ஒதுங்குபவர்களும் அந்தப் புழுவுக்கு எளிய இரை. ராக்பெல்லர் நிறுவனம் அனுப்பிய கொக்கிப்புழு ஆய்வுக் குழு 1915-க்குப் பின் மலாயாவுக்கு வந்து தோட்டங்களையும் ஆராய்ந்தது. சமையலறை தந்த காப்பு ஒருபுறம் இருக்க, லயத்தின் கொல்லைப்புறத்தில் நோய் காத்திருந்தது.

மண்ணீரலும் பெரட்டுக் களமும்

கரும்பு போய் ரப்பர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பதினைந்து ஆண்டுகளுக்குள் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்கள் ஏறத்தாழ அனைத்தும் கித்தாக் காடுகளாயின. 1910-இல் மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதியின் துணையோடு கங்காணி முறை முழுவீச்சில் நடந்தது. கங்காணி தன் ஊருக்குப் போய் உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் அழைத்துவந்ததால் குடும்பங்களும் வரத் தொடங்கின.

வந்தவர்களை மலேரியா வரவேற்றது. கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911-ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளரின் இறப்பு 1,000 பேருக்கு 60-ஐத் தாண்டியது. இந்த ஓர் எண்ணே அன்றைய தோட்டத்தைச் சொல்லிவிடும். கிள்ளானில் 1901 முதல் மருத்துவராகப் பணியாற்றிய மால்கம் வாட்சன் கொசுவின் இனத்துக்கும் நிலத்தின் அமைப்புக்கும் உள்ள தொடர்பைத் தேடினார். கடலோரத் தாழ்நிலத்தில் நிழலான தேங்குநீரில் பெருகும் கொசு வேறு. மலையடிவாரத்தில் காட்டை வெட்டியதும் வெயில் படும் ஓடையில் பெருகும் கொசு வேறு. முதலாவதற்குக் காட்டை அழித்து வாய்க்கால் வெட்டுவது மருந்து. இரண்டாவதற்கு அதையே செய்தால் நோய் கூடும். அங்கே நிலத்தடிக் குழாய்களும் எண்ணெய் தெளிப்பும் வேண்டும். செபராங் பிறையை அடுத்த கிரியான் வயல்வெளியில் நெல் விளையும் நீர்நிலத்தில் மலேரியா குறைவாக இருந்ததும் அவருடைய சிந்தனையைத் திருப்பிய செய்திகளில் ஒன்று.

வாட்சனின் பணி உலகப் பெருமை பெற்றது, பெற்றிருக்க வேண்டியதும்தான். ஆனால் அவர் மலேரியாவை அளந்த விதம் நம் கேள்வியோடு நேரே தொடர்புடையது. ஒரு தோட்டத்தில் நோய் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்று அறிய, அங்குள்ள குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்பதே அந்தத் தோட்டத்தின் மலேரியா அளவு. குழந்தையின் உடல் இவ்வாறு அளவுகோலாகப் பயன்பட்டது. அந்த அளவைக் கொண்டு எடுத்த முடிவுகளோ வேலைக்கு வராத ஆள்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக எழுதப்பட்டன. கொயினா பெரட்டுக் களத்தில் வழங்கப்பட்டது. பெரட்டுக்கு வருபவர் தொழிலாளர். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு அங்கே வரிசை இல்லை.

மலேரியா ஒழிப்பால் குழந்தைகள் பயனடையவில்லை என்பது என் வாதம் அன்று. வாய்க்கால் வெட்டினால் எல்லாருக்கும்தான் கொசு குறையும். ஆனால் பொதுவாகக் கிடைத்த பயனையும் குடும்பத்தை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாட்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. லெனோர் மாண்டர்சன் 1996-இல் வெளியிட்ட ஆய்வு நூல், காலனிய மலாயாவில் மருத்துவம் விரிந்ததற்கும் பொருளாதார நலனுக்கும் இருந்த பின்னலை விரிவாகக் காட்டுகிறது. செபராங் பிறையும் அந்தப் பின்னலுக்குள்தான் இருந்தது.

ஆயாக் கொட்டகை

தாயும் சேயும் சட்டத்தில் தெளிவாக இடம்பெற்றது 1920-களில். கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-இல் தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்தது. நீரிணைக் குடியேற்றத்திலும் அதையொட்டிய சட்டம் ஏற்பட்டது. பேறுகாலத்தில் பெண்ணுக்கு உதவித்தொகை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை, மருத்துவ வசதி, பள்ளி ஆகியவை தோட்ட நிர்வாகத்தின் கடமைகளாயின. 1922-இல் இந்தியா தன் குடியேற்றச் சட்டத்தை இறுக்கியதும், இந்திய அரசின் பிரதிநிதி ஒருவர் மலாயாவில் அமர்ந்து ஆண்டுதோறும் அறிக்கை எழுதியதும் இந்த மாற்றத்தில் பங்கு வகித்தன. நல்லெண்ணம் இருந்திருக்கலாம், நெருக்கடி கட்டாயம் இருந்தது.

கொட்டகை எப்படி இருந்தது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த எந்த முதியவரும் சொல்வார். விடியும் முன்பே பெரட்டு. குளிர்ந்த காலை வேளையில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் மரம் வெட்டுபவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர்கள், இருட்டோடு கிளம்ப வேண்டும். கைக்குழந்தையைத் தாய் துணியில் சுற்றிக் கொட்டகையில் விட்டுப் போவாள். மரம் வெட்ட முடியாத வயதான ஒரு பெண்தான் ஆயா. பல பிள்ளைகளுக்கு ஒருத்தி. வரிசையாகத் துணித்தொட்டில்கள். தாய் பால் சேகரித்து, எடை போட்டுத் திரும்ப நண்பகல் தாண்டிவிடும். இடையில் குழந்தைக்கு என்ன கொடுப்பது? டின்பால் அந்த இடைவெளியில்தான் நுழைந்தது.

இனிப்பிட்ட டின்பால் மலிவானது, கெடாதது, கடையில் கிடைப்பது. குழந்தை வளரத் தேவையான சத்துகள் அதில் போதிய அளவு இல்லை. தண்ணீர் கலக்கும்போது கிருமியும் கலக்கும். மலாயாவில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசியபோது, இத்தகைய பாலைக் குழந்தைக்கு ஏற்றதென்று விற்பதைக் கொலைக்கு ஒப்பானதாகவே குறிப்பிட்டார். வணிகர்களும் அதிகாரிகளும் நிறைந்த அவையில் அப்படிப் பேசுவதற்குத் துணிவு வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலாயாவின் தாய்சேய் நலப் பிரிவை அவரே வழிநடத்தினார்.

கூலியும் தாயின் உடலைத் தொட்டது. 1920-களின் இறுதியில் தரநிலைக் கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் அதுவும் வெட்டப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆண் வேலை இழந்து பெண் மட்டும் வேலையில் இருந்த வீட்டில் பேறுகால ஓய்வு என்பது பட்டினியோடு எடுக்கும் ஓய்வாகத்தான் இருந்திருக்கும். 1936 இறுதியில் இந்திய அரசின் சார்பில் மலாயாவுக்கு வந்து நிலைமையைப் பார்த்த ஸ்ரீநிவாச சாஸ்திரி கங்காணி முறை முடிவுக்கு வர வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1938-இல் இந்தியா உடலுழைப்புத் தொழிலாளரை அனுப்புவதை நிறுத்தியது. அதன்பின் தோட்டத்து மக்கள்தொகை பெருகியது லயத்தில் பிறந்த பிள்ளைகளால்தான். தொழிலாளர் வரத்து நின்ற பிறகுதான் தோட்டத்தில் பிறக்கும் குழந்தையின் உயிருக்குத் தோட்டத்தின் கண்ணிலும் மதிப்பு கூடியது என்பது கசப்பான உண்மை.

பேறு பார்த்தது பெரும்பாலும் மருத்துவச்சிதான். பேறு முடிந்த பெண்ணுக்குப் பூண்டும் மிளகும் சுறாப்புட்டும் காயமருந்தும் கொடுத்து, அடிவயிற்றில் துணி கட்டி, பத்தியம் காத்தவர்கள் லயத்துப் பெண்களே. தோட்ட மருத்துவ உதவியாளரான டிரசருக்குக் காயத்துக்குக் கட்டுப் போடவும் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கவும் தெரியும். சிக்கலான பேறு என்றால் லாரியில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். லாரிக்குத் தோட்ட நிர்வாகியான துரையின் அனுமதி வேண்டும். துரை பங்களாவில் உறங்கிக்கொண்டிருப்பார். எத்தனை தாய்மார் அந்த இடைவெளியில் இறந்தார்கள் என்று எந்தத் தோட்டப் பதிவேடும் தனியே கணக்கு வைக்கவில்லை.

கள்ளுக்கடை முன்னால்

போர்க்கால ஜப்பானியர் ஆட்சி மூன்றரை ஆண்டுகள் நீடித்தது. சயாம்-பர்மா இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும் பகுதியினர் திரும்பவில்லை. லயங்களில் மிஞ்சியவர்கள் விதவைகளும் அநாதைக் குழந்தைகளும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிடித்த முதியவர்களும். குடும்பங்கள் எந்த அளவு உடைந்து கிடந்தன என்பதை மனத்தில் வைத்துத்தான் அடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டும்.

1946-இல் செபராங் பிறைக்கு வடக்கே கெடாவின் பீடோங் பகுதித் தோட்டங்களில் தொண்டர் படை என்ற இயக்கம் எழுந்தது. ஹார்வார்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அதன் தலைவர். இளைஞர்கள் காலை மாலை அணிவகுத்துப் பயின்றார்கள். லயங்களைச் சுத்தம் செய்தார்கள், சண்டை சச்சரவுகளைத் தீர்த்தார்கள். முதன்மையாகக் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். தோட்டத்துக்குள் கள்ளுக்கடை நடத்துவது அன்று சட்டப்படியான ஏற்பாடு. சம்பள நாளில் கூலியின் ஒரு பகுதி அதே மாலை கள்ளுக்கடைக்குப் போகும். அடி வாங்குபவள் மனைவி; பட்டினி கிடப்பது பிள்ளை. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடை முன்னே மறியல் செய்தவர்களோடு காவல்துறை மோதியதில் ஒரு தொழிலாளர் உயிரிழந்தார். தொடர்ந்து நடந்த வேலைநிறுத்தங்களும் கைதுகளும் இயக்கத்தை ஒடுக்கிவிட்டன.

தொழிற்சங்க வரலாறு எழுதியவர்கள் தொண்டர் படையைப் பெரும்பாலும் அரசியல் எழுச்சியாகவே பார்த்தார்கள். அதைக் குடும்பநல இயக்கம் என்று படிப்பதும் அதே அளவு பொருந்தும் என்பது என் கருத்து. தோட்டத்தின் உடல்நல வரலாற்றில் முதல்முறையாகத் தோட்டத்து மக்களே கூடி, வீட்டுக்குள் நடக்கும் அழிவை நோயாக அடையாளம் கண்டு, அதன் ஊற்றை அடைக்கப் புறப்பட்டார்கள். வாய்க்கால் வெட்டிய எந்தத் துரையும் கள்ளுக்கடையை நோய்க்காரணமாக அறிக்கையில் எழுதியதில்லை.

கம்பத்துக்கு வந்த மருத்துவச்சி

1950-களில் கெடாவின் ஜித்ராவில் ஊரகச் சுகாதாரப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் துணை நின்றன. அங்கிருந்து கிளைத்த திட்டம் எளிமையானது: 50,000 பேருக்கு ஒரு முதன்மைச் சுகாதார நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையமும் அதிலேயே மருத்துவச்சிக்கு வீடும். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் பயிற்சி பெற்ற ஒரு பெண் கிளம்பி வருவாள். 1970-களில் மூன்றடுக்கு இரண்டடுக்காகி, மருத்துவச்சி கிராமத் தாதியாக உயர்ந்து, பேறு பார்ப்பதோடு குழந்தை எடை, தடுப்பூசி, குடும்பக்கட்டுப்பாடு ஆகியவற்றையும் ஏற்றுக்கொண்டார். 1966-ஆம் ஆண்டின் மருத்துவச்சியர் சட்டம் பிடான் எனப்படும் பாரம்பரிய மருத்துவச்சிகளையும் பதிவுக்குள் கொண்டுவந்தது.

விளைவு வியக்கத்தக்கது. 1957-இல் மலாயாவில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 75 பேர் ஓராண்டுக்குள் இறந்தனர். ஒரு லட்சம் பிறப்புக்கு 280 அளவில் தாய்மார் இறந்தனர். 1980-க்குள் குழந்தை இறப்பு 25 அளவுக்கும், தாய்மார் இறப்பு 100-க்குக் கீழும் இறங்கிவிட்டன. மலேசியாவையும் இலங்கையையும் ஒப்பிட்டு 2003-இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வு, பணக்கார நாடாகக் காத்திராமல் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளைக் கிராமத்தில் அமர்த்தியதே காரணம் என்று எடுத்துக்காட்டியது.

இந்த வெற்றியில் தோட்டத்தின் இடம் எது? ஊரகத் திட்டம் கம்பங்கள் எனப்படும் மலாய்க் கிராமங்களுக்கும் நிலக்குடியேற்றங்களுக்கும் வகுக்கப்பட்டது. தோட்டம் தனியார் நிலம். அங்கே சாலை, குடிநீர், மின்சாரம், மருத்துவம் எல்லாம் முதலாளியின் பொறுப்பு என்று சட்டம் சொன்னது. எனவே அரசின் ஊரக வளர்ச்சி நிதி தோட்டத்து வாசலில் நின்றுவிட்டது. 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டமும், 1966-இல் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டமும் வந்தன. அவற்றைச் செயல்படுத்த வேண்டியவர் முதலாளி. இதற்கு முன்பிருந்தே வெள்ளைக்காரக் குழுமங்கள் கைவிட்ட தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டுவந்தன. துண்டாடப்பட்ட தோட்டத்தில் மருத்துவமனை மூடப்படும், டிரசர் போய்விடுவார், ஆயாக் கொட்டகையின் கூரை ஒழுகும். இந்தத் துண்டாடலை ஆராய்ந்து பொருளியல் அறிஞர் உங்கு அஜிஸ் 1960-களின் தொடக்கத்தில் வெளியிட்ட அறிக்கை தொழிலாளர் நிலையையும் எடுத்துரைத்தது.

சாலையின் ஒரு பக்கம் கம்பம். அங்கே அரசு மருத்துவச்சி. மறுபக்கம் தோட்டம்; அங்கே மூடிய மருந்தகம். முற்றிலும் அப்படியே இருந்ததென்று சொல்ல முடியாது. அரசு நிலையங்கள் தோட்டத்துப் பெண்களைத் திருப்பி அனுப்பியதில்லை. மலேரியா ஒழிப்புக் குழுக்களும் காசநோய்த் திட்டமும் தோட்டங்களுக்குள் சென்றன. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954 முதல் கூலியையும் வசதிகளையும் பேரம் பேசிவந்தது. ஆனால் அன்றாடக் கவனிப்பு, அதாவது வீட்டுக்கு வந்து குழந்தையை எடை போட்டுப் பார்க்கும் ஒருத்தி, தோட்டத்துக்குத் தாமதமாகவே கிடைத்தாள். சுதந்திரத்துக்குப் பிந்தைய காலத்தின் மிகப் பெரிய கொள்கைத் தவறு இதுதான் என்று கருதுகிறேன். முதலாளியின் கடமை என்று சட்டம் எழுதிவைத்ததே, அரசு தன் கடமையைச் செய்யாதிருக்கக் காரணமாகிவிட்டது.

மாக் மண்டினும் அதன் பிறகும்

1960-களில் உருவான மாக் மண்டின், பினாங்கு மாநிலத்தின் முதல் தொழிற்பேட்டைகளுள் ஒன்று. அடுத்து பிறை, அதன்பின் தீவில் பாயான் லெப்பாஸ். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானதும் சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பலர் தோட்ட வேலையை இழந்தார்கள். பல குடும்பங்கள் கப்பலேறி இந்தியா திரும்பின. இருந்தவர்கள் பட்டணத்தை நோக்கி நகர்ந்தார்கள். மரம் வெட்டியவரின் மகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினாள். புறம்போக்குக் குடிசை, பிறகு மலிவு விலை அடுக்குமாடி வீடு. மாக் மண்டின் வட்டாரத்துக் குடும்பங்களில் பலவற்றின் கதையும் இந்தத் திசையில்தான் ஓடுகிறது.

பட்டணம் ஒன்றைக் கொடுத்தது: அரசு சுகாதார நிலையம் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. ஒன்றை எடுத்தும் கொண்டது. லயத்தில் பேறுகாலத்துக்குச் சுற்றி நின்ற பெண்களின் கூட்டம் அடுக்குமாடியில் சிதறிவிட்டது. இரவு ஷிப்டுக்குப் போகும் தாய் பிள்ளையை அண்டை வீட்டில் காசு கொடுத்து விட வேண்டும். டின்பாலின் இடத்தில் பால்மாவு வந்தது.

இந்த இடத்தில் பினாங்கு தன் பங்கை உலகுக்கே செய்தது. எஸ். எம். முகமது இத்ரிஸ் நெடுங்காலம் தலைமையேற்றிருந்த பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பால்மாவு விளம்பரங்களை எதிர்த்தது. தமிழில் இதழ் நடத்தித் தோட்டத்து மக்களிடம் உணவு, மருந்து, மது பற்றிப் பேசியது. பினாங்கில் பணியாற்றிய அன்வார் பசால் குழந்தை உணவுக்கான உலக இயக்கத்தை 1979-இல் உருவாக்கியவர்களில் ஒருவர். 1981-இல் தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கான உலக விதி வந்தது. 1991-இல் அமைந்த தாய்ப்பாலூட்டலுக்கான உலகக் கூட்டமைப்பு பினாங்கில் இருந்துகொண்டே 1992 முதல் உலகத் தாய்ப்பால் வாரத்தை நடத்திவருகிறது. ஆயாக் கொட்டகையின் டின்பாலை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இந்த அமைப்புகள் இங்கே வேர்கொண்டது இயல்பாகவே தோன்றும்.

தோட்டத்தில் தங்கிவிட்ட பெண்களுக்கு வேறொரு துன்பம் காத்திருந்தது. கித்தா மரம் போய்ச் செம்பனை வந்ததும் களைக்கொல்லி தெளிக்கும் வேலை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. முதுகில் பம்பு, கையில் குழல், முகத்தில் ஒரு துணி. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கை அமைப்பும் தெனாகனித்தா என்ற பெண்கள் உரிமை அமைப்பும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இப்பெண்களின் தோல், நகம், கண், மூச்சு ஆகியவற்றில் கண்ட பாதிப்புகளை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு அதே ஆண்டு மலேசியா தடை விதித்தது. தோட்டத் தொழில்துறையின் அழுத்தத்தால் 2006-இல் தடை தளர்ந்தது. 2020-இல்தான் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதைத் தெளித்த பெண்களின் மருத்துவச் செலவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை.

இன்று மலேசிய இந்தியக் குடும்பங்களை வாட்டுவது கொசுவும் புழுவும் அல்ல. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மரபும் உணவும் உடலுழைப்பு நின்றுபோனதும் சேர்ந்த விளைவு இது. கிராமத் தாதி வீட்டுக்கு வந்து குழந்தையை எடை போட்டதுபோல, பெரியவர்களின் இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் கண்ணையும் பார்க்க வீட்டு வாசலுக்கு வரும் ஓர் ஏற்பாடு அடுக்குமாடிகளுக்குத் தேவைப்படுகிறது. 1950-களில் தொடங்கிய ஊரகத் திட்டத்தில் இந்த நாடு அத்தகைய ஏற்பாட்டைக் குறைந்த பணத்தில் செய்து காட்டியிருக்கிறது.

பேறுகால விடுப்பு 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60 நாளிலிருந்து 2023 ஜனவரியில் 98 நாளாக உயர்ந்தது. அது நாட்டுப் பெண்களுக்கு வந்த நற்செய்தி. ஆனால் செபராங் பிறையில் எஞ்சியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் மாக் மண்டின், பிறைத் தொழிற்சாலைகளிலும் இன்று வேலை செய்பவர்களில் பலர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய வேலை அனுமதி குடும்பத்தை அழைத்துவர இடம் தருவதில்லை. பெண் தொழிலாளி கருவுற்றால் அனுமதியையே இழக்க நேரிடும். அரசு மருத்துவமனையில் அவர்களுக்கான கட்டணம் நாட்டவருக்கானதைவிடப் பன்மடங்கு. தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் ஒரு நூற்றாண்டில் கடந்துவந்த படிகளில் இவர்கள் இன்னும் முதல் படியில் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். செபராங் பிறையின் நல வரலாற்றை இனி எழுதுபவர்கள் இவர்களுடைய மருத்துவப் பதிவுகளையும் வாய்மொழிகளையும் சேர்த்தே தொடங்க வேண்டும்.